வெள்ளைக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்து

போன செவ்வாய்க்கிழமை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலை. எடைமேடை கேபினுக்குள் நுழைந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். டிப்ளமோ படித்தவர், சட்டைப் பையில் செல்போன், முகத்தில் நல்ல சிரிப்பு.

"சார், கம்ப்யூட்டர் சர்வீஸ் நீங்கதானே? இந்த பிளாக் ஸ்க்ரீன் யாரு சார் போட்டது? சூப்பரா கீது சார். ஃபுல்லா கறுப்பு, எழுத்து மட்டும் பளிச்சுனு... சினிமால காட்டற கம்ப்யூட்டரு மாதிரியே கீது. ஊட்ல என் சிஸ்டத்துக்கும் இதே மாதிரி போட்டுத் தர்றீங்களா?"

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாவம், அவர் என்ன செய்வார்? ஸ்க்ரீனின் மேல் மூலையைப் பார்த்தேன். லாகின் செய்தவரின் பெயர் அங்கேதான் இருக்கும். 'தனபால்' என்று இருந்தது.

"உங்க பேரு தனபாலா?"

"இல்ல சார், பிரகாஷு. அது முன்னாடி இருந்தவரு பேரு. அவரு பாஸ்வேர்டையே போட்டு ஓட்டிக்கினு கீறேன். ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், எல்லாம் நல்லாத் தெரியுது."

எல்லாம் நல்லாத் தெரிகிறதாம்! தெரியாமல் என்ன? அதைத் தெரிய வைத்தவனே நான்தானே. தெரிய வைத்து யாருக்கு என்ன லாபம் என்பதைத்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். 'கம்ப்யூட்டர் பற்றி எழுதினால் பக்கத்தைத் திருப்பிவிடுவோம்' என்று மிரட்டும் வாசகிகளுக்கு ஒரு வார்த்தை — இதில் கம்ப்யூட்டர் கொஞ்சம்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். மனுஷர்கள்தான் அதிகம் வருவார்கள், அவர்களைப் பொறுப்பதுதான் கஷ்டம்.

தனபால் அந்த ஆலையின் ஃபர்னஸில் வேலை செய்தவர். பழைய இரும்பை உருக்குகிற உலை. கவரப்பேட்டை பக்கம் ஒரு கிராமம். அண்ணன்கள் நெல் பயிரிடுகிறார்கள். இவர் மட்டும் ஆலைக்கு வந்துவிட்டார். ஒரு மழைநாளில், நனைந்த ஸ்கிராப்பை அப்படியே உலைக்குள் கொட்டினார்கள். ஈரம் பட்டால் உலை சீறும். அங்கே கேன்டீனில் டீ ஆற்றுகிறவருக்குக்கூட இது தெரியும். தெரிந்தும் கொட்டினார்கள். ஏனென்றால் காய்ந்த ஸ்கிராப் கைவசம் இல்லை, உலையை நிறுத்தவும் மேலிடத்துக்கு மனசு இல்லை. சீறியது. தனபாலுக்கு இடது கண் போய்விட்டது. வலது கண் பிழைத்தது, ஆனால் அதற்கு வெளிச்சம் ஆகாது. வெயிலில் நடந்தால் தண்ணீராகக் கொட்டும். வெள்ளையடித்த சுவரைப் பார்த்தால்கூடக் கூசும்.

ஆலை பெரிய மனது பண்ணி அவருக்கு 'லைட் டூட்டி' கொடுத்தது. எடைமேடையில் கம்ப்யூட்டர் வேலை. லாரி வந்து நிற்கும். எடை தானாக ஸ்க்ரீனில் விழும். லாரி நம்பர், பார்ட்டி பெயர், சரக்கு என்ன — இவ்வளவையும் டைப் செய்து, சீட்டு அடித்து, டிரைவர் கையில் கொடுக்க வேண்டும். ஏ.சி. இல்லாவிட்டாலும் ஃபேன் உண்டு. உட்கார்ந்து செய்கிற வேலை. இதில் என்ன கஷ்டம் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

கஷ்டம் எதிரிலேயே இருந்தது. அந்தக் காலத்துப் பெட்டி மானிட்டர், ஸ்க்ரீன் முழுக்க வெள்ளை. வெளிச்சம் ஆகாத கண்ணை வைத்துக்கொண்டு, ஷிஃப்ட் முழுவதும் டியூப்லைட்டை உற்றுப் பார்த்தபடி உட்காருவதற்குச் சமம். உலையிலிருந்து காப்பாற்றி, இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தவர்களுக்கு அது தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அங்கே, கம்ப்யூட்டரை இயக்க இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸுக்கு மாறினார்கள். ஏதோ கொள்கை, லட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். 'நீங்கள் வைத்திருக்கும் ஸாஃப்ட்வேருக்கெல்லாம் பில் இருக்கிறதா?' என்று கேட்டு ஒரு நோட்டீஸ் வந்தது. மேலே ஆடிப்போய்விட்டார்கள். "ஃப்ரீயா ஒண்ணு இருக்காமே, அதைப் போட்டுடுங்க சார்" என்று எனக்கு போன். வருட ஒப்பந்தத்தில் அவர்களுடைய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் நான். பொட்டியும் கையுமாகப் போனேன், போட்டேன்.

நான் வேலை செய்துகொண்டிருந்தபோது தனபால் பக்கத்தில் வந்து நின்றார். கூலிங் கிளாஸ், அதற்கு மேல் தொப்பி, தொப்பிக்கு மேல் கை.

"சார்... இந்த வெள்ளைய கொஞ்சம் கொறைக்க முடியுமா? ஒரு மணி நேரம் பாத்தா தல வெடிச்சிடற மாதிரி கீது. ஊட்டுக்குப் போயி துணிய நனைச்சிக் கட்டிக்கினு படுத்துடறேன். புள்ளைங்க கிட்ட வந்தாலே எரிஞ்சி வியறேன் சார். பேஜாராப் போச்சி."

பிரைட்னஸைக் குறைத்துப் பார்த்தேன். எழுத்தும் சேர்ந்து மங்கியது. அப்புறம்தான் தீம் நினைவுக்கு வந்தது. ஸ்க்ரீனுக்கு மொத்தமாக நிறம் மாற்றிவிடுகிற வசதி அது. கறுப்புத் தீமைப் போட்டால் பின்னணி எல்லாம் கறுப்பாகிவிடும், எழுத்து எல்லாம் வெளிர்ந்துவிடும். தனபாலின் லாகினுக்கு மட்டும் அதைப் போட்டேன். மற்ற ஷிஃப்ட்காரர்களுக்கு வழக்கமான வெள்ளை.

தனபால் கூலிங் கிளாஸைக் கழற்றினார். அவர் கண்ணை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரவில்லை.

"நல்லா கீது சார். சாயங்காலத்துல லைட்டு போடாம ஒக்காந்துக்கினு இருக்கற மாதிரி கீது."

அத்தோடு முடிந்ததா? கறுப்புத் தீம் என்பது லேசுப்பட்ட சமாசாரம் இல்லை. ஒரு ஸாஃப்ட்வேரில் மேல் வரிசைப் பொத்தான்கள் மாயமாகிவிட்டன — கறுப்புப் படம், கறுப்புப் பின்னணி, எப்படித் தெரியும்? கடிதம் டைப் செய்யும் ஸாஃப்ட்வேரில் காகிதம் வெள்ளையாகவே இருந்தது. எழுத்து மட்டும் தீமின் பேச்சைக் கேட்டுக்கொண்டு வெள்ளையானது. இன்னொன்றில் மெனுவைத் திறந்தால் காலிப் பட்டை. திருநின்றவூரில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே செட்டப்பைப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டினேன். என் மனைவி சாப்பாட்டுத் தட்டைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "கரெண்டு போயிடுச்சா, ஏன் இருட்டா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இன்டர்நெட்டில் லினக்ஸ்காரர்கள் கூடும் ஒரு குழுவில் யோசனை கேட்டேன். ஒருவர், 'மேனுவலைப் படி' என்றார். இன்னொருவர், 'கறுப்புத் தீமெல்லாம் ஸ்டைலுக்குத்தான், வேலைக்கு ஆகாது' என்றார். மூன்றாவது ஆள் தீர்வையே சொல்லிவிட்டார்: 'கறுப்புத் தீம் போடாதீர்கள், பிரச்சினையே வராது.' எனக்கு ஒரு கண்ணுக்காக வேண்டும் ஐயா என்று எழுதினேன். அதற்கு ஒருவரும் பதில் போடவில்லை.

நானே ஒவ்வொன்றாகச் சரிக்கட்டினேன். எடைமேடைக்கு எது வேண்டுமோ அதெல்லாம் தெரிய ஆரம்பித்தது. தனபால் வேலையில் உட்கார்ந்தார். பல மாதங்கள் நன்றாகவே போனது. தடாவிலிருந்தும் சூளூர்பேட்டையிலிருந்தும் வருகிற தெலுங்கு டிரைவர்கள் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னா நைனா, கடைய மூடிட்டியா? உள்ள ஒரே இருட்டா கீதே!" என்று கிண்டல் பண்ணுவார்கள். இவரும் சிரித்துக்கொண்டே சீட்டைக் கிழித்துக் கொடுப்பார்.

பிறகு சென்னையில் இருக்கும் ஹெட் ஆபீஸ் ஒரு புது ஏற்பாடு செய்தது. எடைமேடைக்கென்று இருந்த பழைய ஸாஃப்ட்வேரை எடுத்துவிட்டு, ப்ரவுசரில் திறக்கிற ஒரு பக்கத்தைக் கொடுத்தார்கள். பக்கத்தில் கட்டங்கள் இருக்கும், கட்டத்துக்குள் டைப் செய்ய வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அது ஹெட் ஆபீஸ் சமாசாரம். நான் மவுஸ் துடைக்கிற ஆள்.

அதற்கப்புறம் பிரின்டர் மக்கர் பண்ணுகிறது என்று கூப்பிட்டார்கள். போனேன். தனபால் ஸ்க்ரீனை விட்டு முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். கூலிங் கிளாஸ் மறுபடி ஏறியிருந்தது. ரிப்பனை மாற்றிக்கொண்டே, "என்ன தனபால், ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றேன்.

"இந்த வாரத்தோட நின்னுக்கறேன் சார்."

"ஏன்?"

"கண்ணு போச்சி சார்."

ரிப்பனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் ஸ்க்ரீனைக் காட்டினார். கறுப்புப் பின்னணி, நடுவில் வரிசையாக வெள்ளைக் கட்டங்கள்.

"மத்ததெல்லாம் தெரியுது சார். இதோ லாரி நம்பர்னு போட்டு கீது, பார்ட்டின்னு போட்டு கீது, எல்லாம் படிக்கறேன். அந்த வெள்ளக் கட்டம் கீது பாருங்க, அதுல மட்டும் கண்ணு அவிஞ்சிடுது. எழுத்து அப்படியே கரைஞ்சிடுது. நமக்குத்தான் வெள்ள ஆவாதே... அது முத்திப் போச்சி போல."

"எப்பலேர்ந்து?"

"இந்தப் புது பேஜு வந்ததுலேர்ந்து. ஆரு கிட்டயும் சொல்லல சார். சொன்னா தூக்கிடுவாங்க. கைத்தடவலா அடிச்சிக்கினு இருந்தேன். சீட்டு வந்ததும் கண்ணாண்ட வெச்சிப் படிப்பேன். தப்பா இருந்தா கேன்சல் பண்ணிட்டுத் திருப்பி அடிப்பேன்."

கேன்சல் ஆன சீட்டுகள் எல்லாம் ஹெட் ஆபீஸ் கணக்கில் விழுந்திருக்கின்றன. மற்ற ஷிஃப்ட்களில் அப்படி இல்லை. இவர் ஷிஃப்ட்டில் மட்டும் ஏன் என்று கேள்வி வந்தது. பர்சனல் மேனேஜர் நேரில் வந்து விசாரித்திருக்கிறார். விசாரணை என்றால், கண்ணுக்கு டெஸ்ட்! ஒரு லாரி நம்பரை டைப் செய்யச் சொன்னாராம். செய்தார். 'இப்போ அந்தக் கட்டத்துல என்ன இருக்கு, படி' என்றாராம். இவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

"அப்போ மேனேஜர் எங்க நின்னார்?"

"எதிர்ல சார். மானிட்டருக்கு அந்தப் பக்கம்."

"ஸ்க்ரீனைப் பார்க்கலையா அவர்?"

"இல்ல சார். என் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தாரு."

அதற்கப்புறம் பேச்சு மிகவும் மரியாதையாக நடந்திருக்கிறது. ஆபீஸுக்கு அழைத்து, நாற்காலி போட்டு, காபி கொடுத்து, 'கஷ்டப்படாதீங்க தனபால், உடம்புதான் முக்கியம்' என்றார்களாம். கண் பார்வை குறைந்துபோனதால் நானே வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று தயாராக டைப் செய்து வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"போட்டுட்டீங்களா? ஏன் போட்டீங்க?"

"நெஜந்தானே சார்?" என்றார்.

நான் அவரை நகரச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். வெள்ளைக் கட்டத்தில் என் பெயரை டைப் செய்தேன். ஒன்றும் தெரியவில்லை! மறுபடி டைப் செய்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கிட்டே போய்ப் பார்த்தேன். வெறும் வெள்ளை. மவுஸால் அந்தக் கட்டத்தை இழுத்தேன். நீலப் பட்டை விழுந்தது. பட்டைக்குள் என் பெயர், இரண்டு தடவை, பளிச்சென்று இருந்தது.

அந்தப் பக்கத்தை வடிவமைத்தவர், கட்டத்தின் பின்னணி வெள்ளை என்று எழுதியிருக்கிறார். எழுத்து என்ன நிறம் என்று எழுதவில்லை. எழுதாததைக் கம்ப்யூட்டர் எங்கே போய்க் கேட்கும்? தீமைக் கேட்கும். தனபாலின் தீம், 'எழுத்து வெள்ளை' என்று சொல்லும். வெள்ளைக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்து. அந்த மகானுபாவர் மறந்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. எல்லோருக்கும் எழுத்து கறுப்பாகத்தானே இருக்கும், இதைப் போய் யாராவது எழுதுவார்களா என்று நினைத்திருப்பார். தன் மேஜையில் தெரிகிறது, பக்கத்து மேஜையில் தெரிகிறது. அப்புறம் என்ன?

"தனபால், இங்க வாங்க. இதைப் படிங்க."

நீலப் பட்டையில் இருந்ததைப் படித்தார். நம்பாமல் தானே ஒரு லாரி நம்பரை அடித்தார், நான் இழுத்துக் காட்டினேன், படித்தார். இன்னொன்று அடித்தார், அதையும் படித்தார்.

"இது யாருக்குமே தெரியாது தனபால். எனக்கும் தெரியலை. உங்க கண்ணுல ஒண்ணும் இல்லை. பக்கம்தான் தப்பு."

"அப்போ என் கண்ணு போவலையா சார்?"

"போகலை."

அந்த மனுஷன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். வெளியே ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. நானும் அழுதேன் என்று எழுதினால் நீங்கள் கேலி செய்வீர்கள். எழுதத்தான் போகிறேன் — எனக்கும் கண் கலங்கியது. வேலை போனதைப் பற்றி அவர் அப்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண் இருக்கிறது, அது போதும் அவருக்கு.

நான் உடனே சரி செய்யவில்லை. வேண்டுமென்றேதான். முதலில் பர்சனல் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நல்ல உடுப்பு, நல்ல இங்கிலீஷ், யாரையும் ஒருமையில் பேசமாட்டார் என்று பெயர். தனபாலை மட்டும் டெஸ்ட் பண்ணும்போது 'படி' என்று சொல்லியிருக்கிறார். அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"சார், உங்க பேரை டைப் பண்ணுங்க."

டைப் செய்தார். பார்த்தார். மறுபடி பலமாகத் தட்டினார். கேப்ஸ் லாக்கை அழுத்தினார். கீபோர்டைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"என்ன சார், கீபோர்டு வேலை செய்யலையே? கனெக்ஷனைப் பாருங்க."

இதைக் கேட்டீர்களா? தனபாலுக்குத் தெரியவில்லை என்றால் கண்ணில் கோளாறு. மேனேஜருக்குத் தெரியவில்லை என்றால் கீபோர்டில் கோளாறு. தன் கண்ணைப் பற்றி அவருக்கு ஒரு விநாடிகூட சந்தேகம் வரவில்லை. தனபாலுக்கோ தன் கண்ணைத் தவிர வேறு எதன் மேலும் சந்தேகம் வரவில்லை. ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் ரேஷன் கடையிலும் நான் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாற்காலிக்கு இந்தப் பக்கம் நின்றால் தப்பு நம்முடையதுதான் என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள்.

மவுஸால் இழுத்துக் காட்டினேன். அவர் பெயர் நீலப் பட்டையில் தெரிந்தது. மேனேஜரின் காது சிவந்தது. "ஓ... டெக்னிக்கல் இஷ்யூ" என்றார். "சரி, கரெக்ட் பண்ணிடுங்க."

பண்ணினேன். ப்ரவுசருக்கென்று ஒரு சின்ன ஃபைல் இருக்கிறது. அதில் நம்முடைய விதியை நாம் எழுதலாம். எந்தப் பக்கம் என்ன சொன்னாலும் சரி, கட்டத்தின் பின்னணி கறுப்பு, எழுத்து வெளிர் மஞ்சள் — நான் சொல்வதுதான் முக்கியம். அப்படி அழுத்திச் சொல்வதற்கென்றே ஒரு சொல் உண்டு, அதைக் கடைசியில் சேர்க்க வேண்டும். நாலைந்து வரி. வந்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டரிடம் இதுதான் முக்கியம் என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறது.

"அப்போ தனபாலோட லெட்டரைக் கிழிச்சுப் போட்டுடலாமா சார்?" என்றேன்.

"அது வேற, இது வேற" என்றார் மேனேஜர். "அவரே எழுதிக் கொடுத்திருக்கார். ஹெட் ஆபீஸ் அக்செப்ட் பண்ணியாச்சு. அந்த இடத்துக்கு ஆள்கூட செலக்ட் ஆயாச்சு."

"கண்ணு தெரியலைன்னுதானே எழுதினார்? தெரியுதே!"

"இன்னிக்குத் தெரியுது. நாளைக்கு வேற ஸாஃப்ட்வேர் வரும். அப்பவும் ஒருத்தருக்காக உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்க முடியுமா? பிராக்டிகலா யோசிங்க சார்."

"கூப்பிடுங்க. அதுக்குத்தானே என்கிட்ட ஒப்பந்தம் போட்டிருக்கீங்க?"

அவர் சிரித்தார். ஒப்பந்தம் யார் கையில் இருக்கிறது என்பதை நினைவுபடுத்துகிற சிரிப்பு அது. "சர்வீஸ் ரிப்போர்ட்ல 'ஸாஃப்ட்வேர் சரி செய்யப்பட்டது'ன்னு மட்டும் எழுதுங்க, போதும்" என்றார். நான் அதோடு நிறுத்தவில்லை. கட்டத்தில் எழுத்து யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்தது, டைப் செய்த தனபாலின் பார்வையில் குறை இல்லை, மேனேஜர் முன்னிலையில் சோதித்துக் காட்டப்பட்டது என்று எல்லாவற்றையும் எழுதி நீட்டினேன். மேனேஜர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

யூனியனிடமும் போய்ச் சொன்னேன். "நீயா எழுதிக் குடுத்துட்டு வந்தா நாங்க இன்னா பண்றது?" என்று தனபாலைத்தான் திட்டினார்கள். மிச்சமிருந்த நாட்களில் தனபால் ஒரு சீட்டைக்கூட கேன்சல் செய்யவில்லை. அதை யாரும் ஹெட் ஆபீஸில் கவனித்ததாகத் தெரியவில்லை.

சரி, போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பிரகாஷ் தன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அதே மாதிரி வேண்டும் என்று கேட்டாரே... அதைக் கேட்டபின் எனக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. வந்த வேலையை முடித்துக்கொண்டு தனபாலுக்கு போன் போட்டேன். "இன்னிக்கே பட்டணம் போறேன் சார். நாளைக்குக் காலைல கண்ணாஸ்பத்திரி. ஸ்டேஷனுக்கு வந்துக்கினே கீறேன்" என்றார். கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, அவரைப் பார்ப்பதற்காகவே கவரப்பேட்டையில் இறங்கினேன்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பிளாட்பாரத்து பெஞ்சில் தொப்பியும் மஞ்சப்பையுமாக உட்கார்ந்திருந்தார். கூலிங் கிளாஸ் சட்டைப் பையில் இருந்தது. "சாயங்காலம்தான் சார் நம்ப நேரம்" என்று சிரித்தார்.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அண்ணன்களுடன் கழனிக்குப் போகிறாராம். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவாராம். "அண்ணன் ஒண்ணும் சொல்லல சார். அண்ணிதான், சோறு போடும்போது கொஞ்சம் தட்டை சத்தமா வெக்குது."

நான் புது ஆளைப் பற்றிச் சொல்லவில்லை. பெயர்கூட மாற்றாமல் ஓட்டுகிறார்கள் என்பதைச் சொல்லவே இல்லை. சும்மா இருக்க முடியாமல், "உங்க கண்ணு நல்லா இருக்குன்னாவது தெரிஞ்சுதே தனபால், அதுவரைக்கும் சந்தோஷம்" என்றேன். ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் இப்படித்தான் எதையாவது சொல்லி மாட்டிக்கொள்வோம்.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். அன்னிக்கு நீங்க வராமலே இருந்திருக்கலாம்."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"கண்ணு போச்சி, அதனால வேலை போச்சின்னு ஊர்ல சொல்லிக்கினு இருந்திருப்பேன். அய்யோ பாவம்னு உட்டிருப்பாங்க. நானும் சாமிய ரெண்டு திட்டு திட்டிட்டு படுத்துக்கினு இருந்திருப்பேன். இப்ப இன்னான்னு சொல்றது? கண்ணு நல்லாத்தான் கீது, வேலைதான் போச்சின்னா, 'அப்போ நீ இன்னா தப்பு பண்ண?'ன்னு கேக்கறாங்க சார். எங்க ஊட்டுக்காரியே கேட்டா."

பிழையைக் கண்டுபிடித்தேன், திருத்தினேன், ரிப்போர்ட் எழுதினேன். அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆறுதலையும் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். கண் போய்விட்டது என்று நம்பிக்கொண்டு அவர் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்வதற்கு எனக்கு மனசு வரவில்லை. உண்மை தெரிந்தது நல்லது என்று சொல்வதற்கும் வாய் வரவில்லை.

தூரத்தில் ரயிலின் சத்தம் கேட்டது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். தனபால் தண்டவாளத்தின் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீங்க ஏறாதீங்க சார். இது பீச்சு ஸ்டேஷன் போற வண்டி. பேசின் பிரிட்ஜ் போவாது. நீங்க திருநின்றவூருக்கு அங்கதானே மாறணும்? பின்னால சென்ட்ரல் வண்டி வரும்."

எனக்கு வண்டியின் முகமும் பலகை இருக்கும் இடத்தில் ஒரு கீற்று வெளிச்சமும் மட்டும் தெரிந்தன. வண்டி கிட்டே வந்து நின்றது. தனபால் ஏறிக்கொண்டார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முகப்புப் பலகையைப் பார்த்தேன்.

பீச் வண்டிதான்.